ஏழு தடவை புறப்பட்ட ரயில்

ரயில்வே சங்கக் கொட்டகையில்
படம் போட்ட இரவு
பெபேலா என் விலாவில் இடித்தாள்:
"அதோ பார், மக்வாலா, நீ!"
நான் பார்ப்பதற்குள்
கதாநாயகியின் தொப்பி
என்னை மறைத்துவிட்டது.

இரண்டு நொடி.
ஒரு தும்மலுக்குக் காணாது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஜூலை வெயிலில்
எங்கள் ஹஷூரி நிலையத்துக்கு வந்தார்கள்.
கதையில் ஜனவரி.
மூன்று பெட்டி உப்பை நடைமேடையில் கொட்டிப்
பனி என்றார்கள்.
சாயங்காலம் ஊர் மாடுகள் வந்து
போர்க்காலத்தை
நக்கிப் பார்த்துவிட்டுப் போயின.

கம்பளிக் கோட்டுக்குள் வெந்தபடி
நாற்பது பெண்கள்.
ஆளுக்கு மூன்று ரூபிள், ஒரு கிண்ணம் லோபியோ.
கூலிக்கு மாரடிப்பது இதுதானா என்று
சிரித்துக்கொண்டோம்.
கூலியில்லாமல் அதை முன்பே செய்தவர்கள்
எங்களில் இருபத்தாறு பேர்.

நான் தண்டவாளம் மாற்றிவிடுகிறவள்.
நாற்பத்திரண்டில்
வர்லாம் ஏறிய ரயிலுக்கும்
நெம்புகோலைத் தள்ளியது நான்தான்.
அதற்கு இரண்டு கையும் வேண்டும்.
அசைக்கக் கை மிச்சமில்லை.
அப்புறம் ஒரு தாள் வந்தது,
கெர்ச் என்று எழுதி.
கெர்ச்சில் எங்கே என்று கேட்க
அவன் கூடப் போனவர்களில்
ஒருவரும் திரும்பவில்லை.

நடிகையின் கண்ணில் ஒரு பையன்
சொட்டு மருந்து விட்டான்.
கைக்குட்டையின் நாலு மூலையையும் முடிந்து
தலையில் கவிழ்த்திருந்த டைரக்டர்
எங்களிடம் சொன்னார்:
"நீங்கள் அழ வேண்டாம்.
கையசைத்தால் போதும்."

அசைத்தேன்.
பதினாறு வருஷம் தாமதமாக.

ரயில் போனது.
நீர்த்தொட்டியைத் தாண்டியதும் நின்றது.
பிறகு
பெருமூச்சு விட்டுக்கொண்டு
பின்பக்கமாகவே ஊர்ந்து வந்தது.
சிப்பாய்கள் குதித்து இறங்கினார்கள்,
தர்ப்பூசணிக் கீற்றுக்கு அடித்துக்கொண்டார்கள்.
யாரோ ஒருவன் துப்பாக்கியை
என் மடியில் போட்டுவிட்டு
ஒன்றுக்குப் போனான்.

மறுபடி என்றார் டைரக்டர்.
மேகம் வந்துவிட்டதாம்.
இன்னொரு தடவை
சட்டத்துக்குள் நாய் புகுந்துவிட்டது.
அந்த நாய்க்கு
நான் ஒரு எலும்பு கடன்பட்டிருக்கிறேன்.

மூன்றாம் பெட்டி ஜன்னலில்
காது விடைத்த ஒரு பையன்,
கோரி தொழிற்பள்ளி மாணவன்.
போகும்போதெல்லாம் கத்துவான்:
"அத்தை, என் பங்கைத் தின்றுவிடாதே!"
ஒவ்வொரு தடவையும் வந்தான்.
ஒவ்வொரு தடவையும்
அவன் பங்கு
ஈ மொய்க்காமல் இருந்தது.

ஏழாம் தடவை
என் முகம் சிரித்துவிட்டது.

அதைத்தான் படத்தில் வைத்தார்கள்.
வெற்றியின் மீது மக்கள் வைத்த நம்பிக்கை
அந்த முகத்தில் ஒளிர்கிறது என்று
திபிலிசிப் பத்திரிகை எழுதியதாம்.
பெபேலா வெட்டி வைத்திருக்கிறாள்.
நம்பிக்கையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.
நீர்த்தொட்டியைத் தாண்டி அது நிற்கும் என்று
எனக்குத் தெரியும்,
அவ்வளவுதான்.

அன்றிரவு அதே ரயில்
எல்லோரையும் ஏற்றிக்கொண்டு
திபிலிசிக்குக் கிளம்பியது.
என் முறை. நெம்புகோலைத் தள்ளினேன்.
கண்ணாடியில் தலை சாய்த்து
அந்தக் காதுக்காரன் தூங்கிக்கொண்டிருந்தான்.
சிவப்பு விளக்கு சின்னதாகி
நீர்த்தொட்டியைத் தாண்டியது.

நெம்புகோலை நான் திருப்பிப் போடவில்லை.
தண்டவாளம் அப்படியே திறந்து கிடந்தது,
பின்னால் வருகிற எதற்கும் இடம் விட்டு.
விடியலில் மாங்கனீசு ஏற்றிய சரக்கு ரயில்
நாற்பது நிமிஷம் ஊளையிட்டபடி நின்றது.
நிலைய அதிகாரி பார்மென்
அரை நாள் சம்பளத்தைப் பிடித்தார்.
தூங்கிவிட்டேன் என்று
கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒவ்வொரு மே மாதமும்
அந்தப் படத்தைப் போடுகிறார்கள்.
எல்லோரும் மூக்கைச் சிந்துகிறார்கள்.
எனக்கு மட்டும் படம் குறையாகத் தெரிகிறது.
அதில் ரயில் ஒரே தடவைதான் போகிறது.
பின்பக்கமாக ஊர்ந்து வந்ததை,
குதித்து இறங்கியதை,
தர்ப்பூசணிச் சாறு வழிந்த தாடைகளை
எங்கே வெட்டிப் போட்டார்கள்?

திபிலிசியில் ஏதோ ஒரு தகர டப்பாவில்
சுருண்டு கிடக்கும்.
கேட்டால் கொடுப்பார்களா?
படம்கூட வேண்டாம்.
அந்த டப்பாவைக் கையில் வாங்கி
எவ்வளவு கனம் என்று மட்டும் பார்க்க வேண்டும்.