மோதிர விரல்

டெட்ராய்டிலிருந்து டொலிடோ ஒரு மணி நேரம்.
வேனில் ஹீட்டர் பின்பக்கம் மட்டும்தான் வேலை செய்யும்.
அங்கே என் டபுள் பாஸ் கால் நீட்டிப் படுத்திருக்கிறது,
மரத்துக்குக் குளிர் ஆகாது.
மனிதர்கள் மூவரும் முன்னால்.

க்வென்டன் டோலிவர் டிரம்ஸ்.
பகலில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன்,
ஆகவே வேனும் அவன் பொறுப்பு.
போன மாதம் எங்கள் வாசிப்பை
நாற்பதாயிரம் முறை கேட்டார்களாம் இணையத்தில்.
வந்த காசுக்கு பாஸ் தந்தி வாங்கலாம்,
நாலில் மூன்று.

ஆர்டெலியா பூன்
இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.
வலது கையின் மோதிர விரல்
கரண்டி பிடிக்கும், பொத்தான் போடும்,
பூட்டில் சாவி திருப்பும்.
பியானோவைக் கண்டால் மட்டும்
கடன்காரனைக் கண்டதுபோல்
உள்ளங்கைக்குள் போய் ஒளிந்துகொள்ளும்.

"மோதிரம் போட்ட நாளிலிருந்தே
சொன்ன பேச்சு கேட்காத விரல்" என்றாள்.
அந்த மோதிரம் அடகுக்கடைக்குப் போய்ப் பதினோரு வருடம்.

கையில் பழுதில்லை என்றாராம் டாக்டர்.
மூளைக்குள் இரண்டு விரல்களுக்கு நடுவில் இருந்த சுவர்
இடிந்து ஒரே வீடாகிவிட்டது,
அதிகம் வாசித்ததால்.

அதிகம் வாசித்ததால்.

இதை அவள் என்னிடம் சொன்னது ஒரு பெட்ரோல் பங்கில்,
கழிவறைச் சாவிக்கு வரிசையில் நின்றபடி.
கைவிட்டது என்று சொல்லலாம்.
ஒரே ஒரு விரல் விட்டால் என்னவென்று சொல்வது?
வெளியே தெரிந்தால் கிளப்காரர்களிடமிருந்து
அனுதாபம் வரும்,
தேதி வராது.

அன்றிலிருந்து
அவள் வரியில் பல் விழுந்த இடங்களில்
நான் இரண்டு ஆக்டேவ் கீழேயிருந்து
அந்த ஸ்வரத்தை வைத்தேன்.
யாருக்கும் தெரியாது.
க்வென்டனுக்குத் தெரியும்.
அந்த இடம் வரும்போது சிம்பலைத் தாழ்த்திக்கொள்வான்.
எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

டொலிடோவில் கேட்க வந்தவர்கள் பதினான்கு பேர்,
அதில் இருவர் பரிமாறுகிறவர்கள்.
மூன்றாவது உருப்படியின் நடுவில்
ஆர்டெலியா கையை எடுத்து மடியில் வைத்தாள்.
திரும்பினாள்.
மைக் இல்லை, ஆனாலும் கடைசி மேஜைவரை கேட்டது:

"அது என் பள்ளம், எமெட்.
அதில் மண் போடாதே."

மறுபடி முதலிலிருந்து.
அந்த இடம் வந்தது. நான் சும்மா இருந்தேன்.
அவள் அதன்மேல் கால் வைக்காமல் தாண்டினாள்,
தாண்டியதில் நடையே மாறியது,
அடுத்த அடி அரைத் தாளம் தள்ளி விழுந்தது,
க்வென்டன் பல்லைக் கடித்துக்கொண்டு
அவளுக்குப் பின்னால் ஓடினான்.

பிறகு ஒரு பத்திரிகை எழுதியது, முதிர்ச்சி என்று.
சிக்கனம் என்று இன்னொன்று.
இரண்டையும் மடித்து
ஆடுகிற சமையலறை மேஜையின் காலுக்குக் கீழே வைத்தாள்.
இப்போது ஆடுவதில்லை.

நவம்பரில் ராட்டர்டாம்.
நாலாவது மேடை, பகல் இரண்டு மணி.
பாஸுக்கு விமானச் சீட்டு எடுக்கப் பணமில்லை,
அங்கே வாடகைக்குக் கிடைத்ததற்குக் கழுத்து தடிமன்,
என் கட்டை விரல் வழி தெரியாமல் அலைந்தது.

எங்களுக்கு முன்னால் யெல்லே என்றொரு பையன்.
ஆர்டெலியாவின் மெட்டைத்தான் வாசித்தான்.
அவள் பெயரைச் சொல்லி, மரியாதையோடு.
அந்த இடம் வந்ததும்
தாண்டினான்.
அதே அரைத் தாளம், அதே சறுக்கல்,
ஒரு மயிரிழை பிசகில்லை.
அவனுடைய மோதிர விரல்
நேராக, ஆரோக்கியமாக,
கட்டைக்கு மேலே வேலையில்லாமல் காத்திருந்தது.

க்வென்டன் என்னைப் பார்த்தான்.
நான் தரையில் ஒட்டியிருந்த கறுப்பு டேப்பைப் பார்த்தேன்.

திரைக்குப் பக்கத்தில் கோட்டைக் கழற்றாமல் நின்றவள்
முழுக்கக் கேட்டாள், கைதட்டினாள்.
"நல்லா வாசிக்கிறான்" என்றாள்.
"ஆனா பாவம்,
அவனுக்குக் கீழே பள்ளமே இல்லை."
பிறகு, சூப் எங்கே தருகிறார்கள் என்று கேட்டாள்.

இரவு ஹோட்டலில், தூக்கம் வராத மூன்று பேர்.
பேச்சுக்கு நடுவே ஆர்டெலியா மேஜையில் தட்டிக்கொண்டிருந்தாள்,
ஐந்து விரலும்,
மோதிர விரலும் சேர்த்து,
வெறும் பலகைதானே என்று நம்பி.
நான் பார்ப்பது தெரிந்ததும்
கையை எடுத்துக்கொண்டாள்.

விமானம் எத்தனை மணிக்கு என்றான் க்வென்டன்.
திங்கள் காலை ஆறரைக்கு
அவன் பேருந்தை எடுத்தாக வேண்டும்.