நியூட்ரல்

கொல்லங்கோட்டில் வாங்கினேன்.
பழைய வண்டி. இருபத்தெட்டாயிரம்.
"ஓட்டத் தெரியுமல்லோ?" என்றார் சஜீவன்.
தெரியும் என்றேன்.
அண்ணன் வண்டியில் ரெண்டு தடவை
பள்ளி மைதானத்தைச் சுற்றியதையும்
அந்தத் தெரியுமில் சேர்த்துக்கொண்டேன்.

பிறகு எல்லை வரைக்கும்
இரண்டாம் கியரிலேயே.
பனை, வயல், கள்ளுக்கடை, மறுபடி பனை.
பின்னால் வந்த பஸ்
ஹாரனிலேயே என் குலம் கோத்திரம் விசாரித்தது.

கோவிந்தாபுரம் தாண்டி செக்போஸ்ட்.
கை காட்டினார்கள்.
"பேப்பர் எடும்மா."
பேப்பர் தோள்பையில்.
கையோ கிளட்ச்சில்.
விட்டால் வண்டி அவர் மேல் பாயும்.
"கை எடுக்க முடியாது சார்."

ஏட்டு குனிந்தார்.
என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.
ஷூ முனையால் கியரில் லேசாக ஒரு தட்டு.
பச்சை விளக்கு எரிந்தது.
சுண்டு விரலில் தொடங்கி
ஒவ்வொரு விரலாக விட்டேன்.
வண்டி எங்கும் போகவில்லை.

"எவ்வளவுக்கு எடுத்தே?"
சொன்னேன்.
"மூணாயிரம் ஜாஸ்தி" என்றார்
பேப்பரை மறந்து.

அந்த மூணாயிரம்
வழியெல்லாம் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தது.
அம்பராம்பாளையம் ஆற்றுப்பாலத்தில்
மூன்றாவது கியர் விழுந்தது.
காற்று துப்பட்டாவை இழுத்தது.
திரும்பிப் பார்க்கிற அளவுக்கு
எனக்கு இன்னும் ஓட்டத் தெரியாது.