கெடுதல்

சான் அகஸ்டின் சமவெளி, நியூ மெக்சிகோ.
பனி மூடிய தண்டவாளங்களின் மேல்
இருபத்தேழு கிண்ணங்கள்
ஒரே பக்கம் திரும்புகின்றன.
இரவுப் பணியில் எர்லிண்டா அபேய்த்தா.
கைபேசியை வாசலிலேயே அணைத்தாயிற்று.
பீன்ஸ் சூப் ஆறிப்போயிற்று,
சூடாக்க மைக்ரோவேவ் இங்கே ஆகாது.

அன்ன மண்டலத்தில் இரண்டு பெருமீன்கள்.
ஒன்று தன்னையே ஊதித் தீர்ப்பது,
மற்றது நீலம், முன்கோபி.
காற்றும் காற்றும் முட்டும் இடம்
ரேடியோவில் ஒரு வளைவு,
கடித்துத் துப்பிய நகம்போல.

எட்டாண்டுக்கு ஒருமுறை நெருங்கும்.
போனமுறை அவள் சொக்கோரோவில்
பெட்ரோல் பங்கில் இருந்தாள்.

வாரக்கணக்கில் கோடு ஏறியது,
இன்னும் ஏறியது,
இன்று தரையோடு படுத்துவிட்டது.
கேபிளைச் சோதித்தாள்.
ஏழாம் ஆன்டெனாவை ஸ்பானிஷில் வைதாள்.
பழுதில்லை.
மோதல் முன்னிலும் மூர்க்கம்.
அடர்ந்த காற்றே அதன் குரலை விழுங்கிவிட்டது.

புணர்ச்சி விதி ஒன்று உண்டு:
மரமும் வேரும் சேர
நடுவில் நின்ற மகரம் கெடும்.

அவளுக்கு இது தெரியாது. தெரிந்தவள் போலத்தான்
பதிவேட்டில் எழுதுகிறாள்:
மூன்று நாற்பது.
ஒன்றும் வரவில்லை.
கருவிகள் நலம்.