டாக்டர்தான்

டோலிடோவில் பழைய டயர்க் கடைக்கும்
காசு போட்டுத் துவைக்கும் கடைக்கும் நடுவே
பிளாஸ்மா வாங்கும் இடம்.
காலை ஆறரைக்கே வரிசை.
உள்ளறையில் வெள்ளைக் கோட்டோடு
ரோவினா ஹூக்ஸ்ட்ரா. டாக்டர்தான்.
ஏழு வருடமாகப் பெயரோடு வருகிறது
அந்தத் 'தான்'.

எல்லாத் தேர்விலும் தேறியவள்.
அறுவை சிகிச்சையில் ஐந்து வருடப் பயிற்சி.
இரண்டு வருடம் நான்கு மாதத்தில்
ஆஸ்பத்திரி திவாலானது.
ஒரு வியாழக்கிழமை லிஃப்டை நிறுத்தினார்கள்.
நோயாளிகளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.
பயிற்சி டாக்டர்களை ஏற்ற வண்டி வரவில்லை.
பத்தொன்பது பேரில் பதினாறு பேருக்கு
வேறு ஊர்களில் இடம் கிடைத்தது.
அந்த வாரம் பார்த்து இவளுக்கு நிமோனியா.

பாதிக் கிணறு என்பார்கள்.
விழுந்தவள் உள்ளே என்ன செய்கிறாள் என்று
பழமொழி எட்டிப் பார்ப்பதில்லை.

லைசென்ஸ் இருக்கிறது.
செல்லும் காசுதான்;
வாங்கிக்கொள்ளத்தான் கடையில்லை.
விண்ணப்பங்களில் இரண்டே கட்டம்:
பயிற்சி முடித்தவரா? ஆம். இல்லை.
முன்பு காகிதத்தில் ஓரமாவது இருந்தது,
சின்ன எழுத்தில் விளக்கம் சொல்ல.
படிப்புக் கடனுக்கு மட்டும்
அவள் முழு டாக்டர்.

நாடி, ரத்த அழுத்தம், முழங்கை நரம்பு.
சரி. அடுத்தவர். சரி.
ஞாயிற்றுக்கிழமைகளில் சமையலறையில்
கோழித் தொடையைக் கீறித் தைப்பாள்,
கை மறந்துவிடாமல் இருக்க.
பிறகு தையலைப் பிரித்து வறுப்பாள்.

இன்று புதிதாக வந்தவர் வெர்னன் கோவால்,
கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்.
"ஆபரேஷன் ஏதாவது?"
"குடல்வால் வெடிச்சு. எட்டு வருஷம் இருக்கும்,
செயின்ட் ஓடில்யாவில.
இப்ப அங்க சாமான் போட்டு வைக்க வாடகைக்கு விடறாங்க.
என் படகு மோட்டார் மூணாவது மாடியில கிடக்குது."
மூன்றாவது மாடி.
அவள் கை கழுவிய மாடி.

சட்டையைத் தூக்கினார்.
வலது அடிவயிற்றில் தழும்பு,
மற்றவர்கள் சாய்க்காத பக்கம் சாய்ந்து.
இடக்கைக்காரி போட்டது.
கடைசி முடிச்சை மட்டும் அதிகம் இறுக்கி
அன்று விடிகாலை திட்டு வாங்கியது.
விரல் வைத்தாள். இருமச் சொன்னாள்.
குடலிறக்கம் இல்லை.

"யாரோ சின்னப் பொண்ணு," என்றார் வெர்னன் கூரையைப் பார்த்தபடி,
"முழு டாக்டர்கூட இல்லையாம்.
நல்லாத்தான் தைச்சிருக்கா, இல்ல?"

கடைசி முடிச்சு கொஞ்சம் இறுக்கம், என்றாள்.
அவர் சிரித்தார்,
டாக்டர்கள் ஒருவர் வேலையை ஒருவர்
ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள் என்று.

படிவத்தில் 'ஆறிய தழும்பு' என்று எழுதினாள்.
முன்னால் 'நன்றாக' என்ற சொல்லுக்கு
இடம் இருந்தது.
நெருக்கி எழுதினாள்.
வாசலில் அடுத்தவர்
சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.