காயம் இல்லை

விடிகாலை நாலு நாற்பது.
பேக்கரி வேலை முடிந்து வந்த கையில்
இன்னும் மாவு வாசம்.
பின்கதவைத் திறந்தால்
வாலை நிமிர்த்தி நிற்கிறது மிளகு,
வாடகையைத் தேதி தவறாமல் கொண்டுவந்தவனைப் போல.
மிதியடியின் மேல் அதன் காணிக்கை:
சாம்பல் ரோமம், புளியங்கொட்டைக் கண்,
நுனி மட்டும் வெளுத்த ஒரு வால்.
செத்தது என்று நினைத்துத்தான் தொட்டேன்.
வால் என் சுண்டுவிரலைச் சுற்றிக்கொண்டது.

பொசம் குட்டி.
அதுவரை எனக்கு அது கூரைமேல் ஓடும் சத்தம்.
டூங்காபியில் எல்லா வீட்டுக்கும் உண்டு அந்தச் சத்தம்.
வீட்டுக்காரர் குழாய்க் கசிவைச் சொல்வதுபோலச் சொல்லி
சாவியைக் கொடுத்தார்.

இந்தக் கைகளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
சின்ன உயிர் என்றால் பால்.
கிண்ணத்தில் ஊற்றி, வெதுவெதுப்பாக்கி,
பிறகுதான் போன் செய்தேன்.

"பாலா? வேண்டாம். தண்ணீரும் வேண்டாம்.
இருட்டும் சூடும் கொடு. பேசாமல் இரு."
தூக்கம் கலையாத கரகரப்பில் ப்ரான்வென்.
"எங்கே காயம்?"

டார்ச் அடித்துப் பார்த்தேன்,
கக்கம், வயிறு, காதுமடல்.
ரோமம் நனைந்திருந்தது, அவ்வளவுதான்.
காயம் இல்லை என்றேன்,
கொஞ்சம் பெருமையாகக்கூட,
என் பூனை பூப்போலத்தான் பிடித்தது என்பதாக.

"அப்படிச் சொல்பவர்களைத்தான்
இன்னும் வேகமாக வரச் சொல்வேன்" என்றாள்.
பல் ஊசி மாதிரி. போன வழி மூடிக்கொள்ளும்.
உள்ளே விட்ட எச்சில் வேலையை ஆரம்பிக்கும்.

என் மொழியில்
காயம் என்றால் புண்,
காயம் என்றால் உடம்பு.
இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவன்
அந்த நேரம் கையில்
எதை வைத்திருந்தானோ.

கம்பளி சாக்ஸ் ஒன்றில் குட்டி,
சட்டைக்குள் சாக்ஸ்.
ஓல்ட் விண்ட்சர் ரோட்டில்
ஒவ்வொரு சிக்னலும் சிவப்பு.
யாருமில்லாத சந்தியிலும் நின்றேன்;
குடியுரிமைத் தேர்வு இன்னும் எழுதவில்லை.
நெஞ்சில் நாலு நகங்கள்
எண்ணிப் பார்ப்பதுபோல் அழுத்தின.

நைட்கவுனோடு வாசலில் நின்றாள்.
பூண்டுத்தோல் ஒட்டிய சமையல் தராசில்
தொண்ணூற்றொரு கிராம்.
பெட்டியில் தேதி எழுதினாள், தெரு எழுதினாள்,
காரணம் என்ற இடத்தில் பூனை என்று எழுதினாள்.
என் பெயரை எழுதுவாள் என்றிருந்தேன்.
திட்டியிருக்கலாம். திட்டவில்லை.
இராக்கால விலங்கு ஆஸ்பத்திரிக்கு
கார்ச்சாவியைத் தேடிக்கொண்டே கேட்டாள்:
"இரண்டிரண்டாகத்தான் பிறக்கும்.
இன்னொன்றைப் பார்த்தாயா?"

வீடு திரும்பினால்
பாலைக் குடித்து முடித்திருந்தது மிளகு.
மடியில் ஏறி
அடுப்பு சுட்ட என் மணிக்கட்டை நக்கியது
அதே நாக்கால், வெகு கவனமாக.
தள்ளிவிட வேண்டும் என்று தோன்றியது.
தள்ளவில்லை.

பூனைக்கு யார் மணி கட்டுவது என்பார்கள்.
நான் கட்டினேன், எட்டு டாலர்.
ஒரே மாதத்தில் மணி அசையாமல் நடக்கக்
கற்றுக்கொண்டது.

வெளிச்சம் வந்ததும் வேலியோரம் போனேன்.
பாட்டில்பிரஷ் புதரை விலக்கி,
குப்பைத்தொட்டிகளை நகர்த்தி,
மண்டியிட்டு, பெயர் தெரியாததைக் கூப்பிடவும் முடியாமல்.
எறும்பு வரிசை. பழைய டென்னிஸ் பந்து.
அங்கும் காயம் இல்லை.

பன்னிரண்டாம் நாள் ப்ரான்வென்னிடமிருந்து ஒரு படம்:
என் சாக்ஸிலிருந்து ஒரு முகம்,
வாயில் யூகலிப்டஸ் தளிர்.
"நேற்றிலிருந்து தானே தின்கிறான்" என்று ஒரு வரி.
அவன் என்று அப்போதுதான் தெரியும்.

இப்போது பொழுது சாய்ந்தால் கதவு பூட்டு.
மிளகு சன்னலில் ஏறிக் கத்துகிறது,
பக்கத்து வீட்டில் விளக்கு எரியும் வரை.
கூரைமேல் ஓட்டம் தொடங்கும்போது
இருவரும் மேலே பார்க்கிறோம்.
ஒன்றா இரண்டா என்று
நான் மட்டும் எண்ணுகிறேன்.