மெரிஞியில் நின்ற ரயில்

கோட்டை பார்க்கப் புறப்பட்டவன் நான்.
பதினோரு மணி நுழைவுச்சீட்டு
நான்காய் மடித்துச் சட்டைப்பையில்.
மெரிஞி என்றொரு நிலையத்தில் ரயில் நின்றது.
நின்றது நின்றதுதான்.
வேலைநிறுத்தம் என்றது ஒலிபெருக்கி,
தூறல் விழலாம் என்பதைப் போல.
யாரும் கோபப்படவில்லை.
பொய். கோபப்பட்டார்கள்,
அவரவர்க்குப் பிடிக்காத அமைச்சர் மேல்.

ஏப்ரல் கடைசி.
தண்டவாளத்துக்கு அப்பால் ஒரு லைலாக் புதர்
வேலிக்கு வெளியே தலையை நீட்டி
எங்களை எண்ணிக்கொண்டிருந்தது.
பதினாலு பேர், ஒரு நாய்.

முதலில் திறந்தது ஒர்த்தான்ஸின் பை.
விரல் நீள முள்ளங்கிகள், மண்ணோடு.
புட்டித் தண்ணீரில் கழுவினாள்,
வாலைக் கிள்ளினாள்,
தலையில் சிலுவையாய்க் கீறி
அந்தக் கீறலில் வெண்ணெயை அப்பி
உப்பில் தொட்டு நீட்டினாள்.
காரம். அப்புறம் குளிர்ச்சி.
கடைசியில் பல்லிடுக்கில் ஒரு கல்லுப்பு.
இவ்வளவுதானா என்று கேட்க நினைத்தேன்,
வாய் காலியாக இல்லை.

தக்காளி நட்டாயிற்றா என்றார் யாரோ.
மே மாதத்துக் குளிர்ச்சாமிகள் மூவரும்
ஊரைவிட்டுப் போகட்டும் என்றாள்.
கோயிலுக்கே போகாதவளாம்,
ஆனால் அந்த மூவரிடம் மட்டும் பயம்.

ஆன்செல்ம் ஓய்வுபெற்ற நில அளவையாளர்.
சாம்பல் பூசிய ஆட்டுப்பால் சீஸை
வரைபடம்போல் மடியில் விரித்தார்.
நடுவே ஊடுருவி ஒரு வைக்கோல் குச்சி.
பந்திக்கு முந்தும் பழக்கத்தில்
மெலிந்த முனையில் கத்தி வைத்துவிட்டேன்.
பெட்டியே மௌனமானது.
பருத்த முனையிலிருந்து, மிஸ்யூ,
என்றார், எல்லைக்கல்லை நகர்த்தியவனிடம் பேசும் குரலில்.

எல்லாம் தின்றுகொண்டேதான்,
ஞாயிறு என்ன சமைப்பது என்று பேசினார்கள்.
போன ஞாயிறு ஏன் சரிவரவில்லை என்றும்.

அப்போதுதான் ஓதீல்,
புளுவாவில் இருக்கும் தங்கைக்கென்று
மடியில் காத்துவந்த மரப்பெட்டியின்
ஈரத்துணியை விலக்கினாள்.
வெள்ளை ஆஸ்பராகஸ்.
வெயிலைப் பாராத தண்டுகள்.
மணல்மேட்டில் மெல்லிய வெடிப்பு தெரிந்ததும்
விடியுமுன் கைநுழைத்து முறித்தெடுத்தவை.
தண்ணீர்விட்டானின் தூரத்துச் சொந்தம்
என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.
அதை பிரெஞ்சில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

தலையிலிருந்து கீழாகச் சீவ வேண்டும்.
அதில் மட்டும் ஒற்றுமை.
வினிகரா, முட்டைக் குழம்பா என்பதில்
முக்கால் மணி நேரம் போனது.
அமைச்சருக்குக்கூட இவ்வளவு சூடு கிடைக்கவில்லை.

நிலையத்துக்காரி நோல்வென்
மார்பில் சங்கத்தின் சிவப்பு வில்லையோடு வந்தாள்.
ரயில் எப்போது என்றோம்.
நான் நிறுத்தத்தில் இருக்கிறேன், தகவல் தரமாட்டேன்,
அடுப்பு தருகிறேன்.

பாத்திரமில்லை. இருந்தது
பற்சிப்பி உதிர்ந்த உயரமான காப்பிக் கூஜா.
அதில் நிற்கவைத்தோம்,
கால்கள் கொதிநீரில், தலைகள் ஆவியில்,
குளியல் தொட்டியில் குழந்தைகளை நிறுத்துவதுபோல.
காத்திருப்போர் அறை முழுக்க
பால்மணமும் பச்சைமணமும்
கொஞ்சம் பழைய காப்பியும்.

வெந்த நேரம் பார்த்துப் பேருந்து வந்தது.
மாற்று ஏற்பாடு, உடனே கிளம்புகிறது
என்று கத்தினான் ஓட்டுநர்.
ஒருவரும் எழவில்லை.
ஓதீல் முதல் தண்டைக் கையால் எடுத்து
வெண்ணெயில் முக்கி
என் பக்கம் நீட்டினாள்,
தங்கை மன்னிப்பாள் என்றாள்,
பிறகு யோசித்து, மாட்டாள் என்றாள்.

வாசலில் நின்றவன் எங்களைப் பார்த்தான்.
கூஜாவைப் பார்த்தான்.
வெளியே போனான்.
என்ஜின் சத்தம் நின்றது.
தொப்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்து
உப்பு இருக்கிறதா என்றான்.

கோட்டையைப் பார்த்தேன்,
மாலை ஏழுக்கு, பேருந்தின் ஜன்னல் வழியே,
பாப்ளர்களுக்கு நடுவே மூன்று நொடி.
நிறையப் புகைபோக்கிகள்.
நுழைவுச்சீட்டு இன்னும் இருக்கிறது,
வெண்ணெய் ஊறி எழுத்து அழிந்து.
வெளிச்சத்தில் பிடித்தால்
மறுபக்கம் தெரிகிறது.