பாக்கி

நோட்டின் இடப்பக்கம்:
ராத்திரி ஒன்றுக்கு வாடகை முந்நூறு,
களியல் செட்டு பதினேழு ராத்திரி பாக்கி.
எழுதினது நான்தான்,
சமூகநலக்கூடத்துப் பொருளாளர் செல்லபாய்.

வலப்பக்கத்தைச் சும்மா விட முடியுமா?
ஆனி மழையில் மேற்குச் சாய்ப்பு ஒழுகினபோது
மேலே ஏறினது டென்னிசன்.
விடியும்முன் ரப்பர் வெட்டு, ராத்திரி முன்வரிசைக் கம்பு.
பால் வாடை போகாத கையால்
நாற்பத்திரண்டு ஓடு மாற்றினான்.
ஓட்டுக்கு விலை போட்டேன்.
ஏறினதுக்குப் போடவில்லை.

தளம் பிளந்ததும் அவர்களால்தான்.
பன்னிரண்டு ஆள் ஒன்றாகக் குதித்து இறங்கினால்
பஞ்சாயத்துச் சிமென்ட் என்ன செய்யும், பாவம்.
பூசினதும் அவர்களே,
செட்டில் கொத்தனார் மட்டும் மூன்று பேர்.
காயும்முன் எவனோ அடவு போட்டுப் பார்த்திருக்கிறான்.
விளக்கு வைக்கும் இடத்தைச் சுற்றி
அரைவட்டமாய்ப் பெருவிரல் குழிகள்.
இதை வரவில் எழுதவா
சேதத்தில் எழுதவா?

சித்திரையில் கூடம் பார்க்க வந்த
குலசேகரத்துப் பெண்வீட்டார்
குனிந்து குழியைத் தடவினார்கள்.
"இது என்னதுங்க?"
முந்தின ராத்திரிக்குக் களியல் வேணுமென்றால்
ஆள் இங்கேயே உண்டு என்றேன்.
கூடத்துக்கு நாலாயிரம், செட்டுக்கு ஆறாயிரம்.
நின்றுபோன கரண்ட் திரும்பி வந்தது.
பந்தி முடிந்து இலை அள்ளினதும் அவர்கள்தான்,
அதற்கும் கூலி போடவில்லை.

ஒன்றிய ஆபீசிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்
கண்ணாடியை மூக்கில் இறக்கி
"ரெண்டு பக்கமும் நேராகணும் அம்மா" என்றார்.

ரெண்டு நாள் இருந்து கூட்டினேன்.
ஓடு, மணல், சிமென்ட், மோட்டார் ரிப்பேர்:
கூடம் தரவேண்டியது ஐயாயிரத்து முந்நூற்று நாற்பது.
செட்டு தரவேண்டியது ஐயாயிரத்து நூறு.
இருநூற்று நாற்பதைக் கவரில் போட்டு,
கணக்கு தீர்ந்தது என்று வெளியே எழுதி,
டென்னிசனிடம் நீட்டினேன்.

அவன் பிரிக்கவில்லை.
கவரைத் திருப்பி வாசித்தான், சிரித்தான்.
"ஒரு பல்பு வாங்கிப் போடுங்கக்கா,
வடக்கு மூலையில எனக்க கம்பே
எனக்குத் தெரியல்ல."

வாங்கினேன். மீதிக்கு எண்ணெயும் திரியும்.

இன்று அந்த வெளிச்சத்தில்
புதுப் பக்கம் திறந்திருக்கிறேன்.
கம்போடு கம்பு முட்டுகிற ஒவ்வொரு தடவையும்
பேனா துள்ளி
கோடு கோணலாக விழுகிறது.
முதல் ராத்திரி, முந்நூறு,
பாக்கி.